எத்தனை நாள், எவ்வளவு எழுச்சி: பைபோலார் நோயைக் கண்டறியும் விதிகள் ஏன் மாறிக்கொண்டே இருக்கின்றன?

மனச்சோர்வும் அதற்கு நேர்மாறான அளவுகடந்த எழுச்சியும் மாறி மாறி வருவது பைபோலார் நோய். அது உள்ள ஒருவர் முதன்முதலில் மருத்துவரிடம் எப்போது போவார்? பெரும்பாலும் சோர்ந்து கிடக்கும்போதுதான். படுக்கையை விட்டு எழ முடியவில்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது. வீட்டில் யாராவது வற்புறுத்தி அழைத்து வருகிறார்கள். மூன்று மணி நேரத் தூக்கமே போதும் என்று சுறுசுறுப்பாகத் திரிந்த நாட்களில் அவர் மருத்துவரைத் தேடியிருக்க மாட்டார். தனக்கு நோய் என்ற எண்ணமே அப்போது வந்திருக்காது. ஆனால் இந்த நோய்க்குப் பெயர் சூட்டும் விதியோ அந்த எழுச்சி நாட்களை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் இப்போது இல்லாத ஒன்றை, எப்போதோ வந்துபோனதை, அவருடைய நினைவை நம்பி மருத்துவர் கண்டுபிடிக்க வேண்டும். அளவுகோல்களைத் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டிவருவதற்கு அடிப்படைக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் லூயிஸ் ஜட்டும் அவருடைய சகாக்களும் பைபோலார் நோயாளிகளைப் பல ஆண்டுகள் வாரம் வாரமாகக் கணக்கெடுத்தார்கள். மேனியா எனப்படும் முழு அளவிலான எழுச்சி வரும் முதல் வகை நோயாளிகள் சுமார் மூன்றில் ஒரு பங்கு வாரங்களை மனச்சோர்வு அறிகுறிகளோடு கழித்தார்கள். எழுச்சி இருந்த வாரங்கள் 9 சதவீதம் அளவுதான். இரண்டாம் வகையில் வித்தியாசம் இன்னும் பெரிது: பாதி வாரங்கள் சோர்வு, ஹைப்போமேனியா எனப்படும் மிதமான எழுச்சியோ ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டியது. ஆக, நோயின் பெரும்பகுதி சோர்வு. பெயரைத் தீர்மானிப்பதோ அந்தச் சிறு பகுதி.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது, ஏனென்றால் மாத்திரை பெயரைப் பார்த்துத்தான் எழுதப்படுகிறது. வெறும் மனச்சோர்வு என்றால் சோர்வு நீக்கி மருந்து. பைபோலார் என்றால் லித்தியம், வால்ப்ரோயேட் போன்ற மனநிலையை நிலைப்படுத்தும் மருந்துகள், அல்லது மனப்பிரமையைக் கட்டுப்படுத்தும் ஆன்டிசைக்கோட்டிக் மருந்துகளில் சில. பைபோலார் உள்ளவருக்குச் சோர்வு நீக்கி மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு அதுவே மேனியாவைக் கிளப்பிவிடும். தவறு எதிர்ப்பக்கமும் நடக்கலாம். பைபோலார் இல்லாத ஒருவருக்கு அந்தப் பெயர் விழுந்துவிட்டால் லித்தியத்தோடு ரத்தப் பரிசோதனை, தைராய்டு, சிறுநீரகக் கண்காணிப்பு எல்லாம் வருடக்கணக்கில் கூடவே வரும். வால்ப்ரோயேட்டைக் கர்ப்ப காலத்தில் எடுத்தால் கருவுக்குக் கடுமையான பாதிப்பு வரலாம். விதியில் ஒரு கோட்டைச் சற்று நகர்த்தினால்கூட அதன் இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கானோர் இடம் மாறுகிறார்கள்.

சரி, ரத்தத்திலோ ஸ்கேனிலோ பார்த்துச் சொல்லிவிட முடியாதா? இன்றுவரை முடியாது. தைராய்டு கோளாறு, சில மருந்துகள், போதைப் பொருள்கள் போன்ற வேறு காரணங்களை விலக்கத்தான் பரிசோதனைகள் உதவும். பைபோலார் இருக்கிறது என்று உறுதிசெய்யும் பரிசோதனை கிடையாது. இருப்பதெல்லாம் நோயாளி சொல்வது, வீட்டார் சொல்வது, மருத்துவர் பார்ப்பது. இவற்றை எப்படிக் கூட்டிப் பார்ப்பது என்பதில் நிபுணர்கள் செய்துகொண்ட உடன்பாடுதான் அளவுகோல்.

இந்த உடன்பாடு இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு 1960-களில் நல்ல சான்று கிடைத்தது. நியூயார்க் மருத்துவமனைகளில் மனச்சிதைவு நோய் என்ற முடிவு மிக அதிகமாக எழுதப்பட்டது. லண்டனில் அதே மாதிரியான நோயாளிகள் பலருக்கு மேனிக் டிப்ரஸிவ் நோய் (பைபோலாரின் பழைய பெயர்) என்று எழுதினார்கள். இரண்டு ஊர் மக்களின் மூளை வேறா? இரு நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரே வகை நேர்காணலை வைத்து இரு ஊர் நோயாளிகளையும் பார்த்தபோது வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துபோனது. வேறுபட்டது மருத்துவர்களின் பழக்கம்தான். லித்தியத்தை 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் மேனியாவுக்குப் பயன்படுத்திக் காட்டியிருந்தார். அது ஒரு குறிப்பிட்ட நோய்க்குக் குறிப்பாக வேலை செய்யும் மருந்து என்பது தெளிவாகத் தெளிவாக, யாருக்கு அந்த நோய் என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் கூடியது.

அதற்கு முந்தைய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சில் ஃபால்ரே, பையார்ஜே இருவரும் சோர்வும் எழுச்சியும் மாறி மாறி வருவதை ஒரே நோயாக விவரித்தார்கள். ஜெர்மனியின் எமில் கிரேப்பலின் 1899-இல் அதை மனச்சிதைவிலிருந்து பிரித்து, மனச்சோர்வு நோய்களில் பெரும்பாலானவற்றையும் அதனுள் சேர்த்தார். 1957-இல் கார்ல் லியோன்ஹார்ட் அதை இரண்டாகப் பிரித்தார்: சோர்வு மட்டும் வருபவர்கள் ஒரு பக்கம், இரு முனையும் உள்ளவர்கள் மறுபக்கம். 1966-இல் யூல்ஸ் ஆங்ஸ்டும் கார்லோ பெரிஸும் தனித்தனியாகக் குடும்ப ஆய்வுகள் நடத்தி இந்தப் பிரிவினைக்கு ஆதாரம் தந்தார்கள். கிரேப்பலினின் பெரிய வட்டம் சரியா, லியோன்ஹார்ட்டின் இரண்டு வட்டங்கள் சரியா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. பின்னால் வந்த திருத்தங்கள் பலவற்றின் அடியிலும் இந்தக் கேள்வி இருக்கிறது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடான டிஎஸ்எம், 1980-இல் மூன்றாம் பதிப்பாக வந்தபோது ஆட்டமே மாறியது. ராபர்ட் ஸ்பிட்சர் தலைமையில், ஒவ்வொரு நோய்க்கும் அறிகுறிப் பட்டியல், எத்தனை இருக்க வேண்டும், எத்தனை நாள் நீடிக்க வேண்டும் என்று எழுதினார்கள். பைபோலார் என்ற பெயர் அந்தப் பதிப்பில்தான் அதிகாரபூர்வமாக நிலைத்தது. மேனியா என்றால் குறைந்தது ஒரு வாரம், அல்லது மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு முற்றினால் எத்தனை நாளானாலும் சரி. 1987 திருத்தத்தில் அந்த ஒரு வாரக் கணக்கை எடுத்துவிட்டார்கள். 1994-இல் நான்காம் பதிப்பில் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரு வாரம் என்பது இயற்கையில் கண்டெடுத்த எல்லை அல்ல என்பதற்கு இந்தப் போக்குவரத்தே போதும்.

நான்காம் பதிப்பு இன்னொரு பெரிய கதவையும் திறந்தது: பைபோலார் இரண்டாம் வகை. 1976-இல் டேவிட் டன்னர், எலியட் கெர்ஷோன், ஃப்ரெட்ரிக் குட்வின் மூவரும் இதை முன்வைத்திருந்தார்கள். மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் சேரும் அளவுக்குப் போனவர்கள், ஆனால் அவர்களுடைய எழுச்சி மருத்துவமனை வரை கொண்டுபோகவில்லை. இவர்களுக்கு வருவது ஹைப்போமேனியா. வேலை, உறவு சிதையும் அளவுக்குப் போகாது, மனப்பிரமை வராது, ஆனாலும் அந்த ஆள் வழக்கமான ஆள் இல்லை என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். இதற்கு நான்கு நாள் என்று எல்லை வைத்தார்கள்.

அந்த நான்கு நாள் எல்லைக்கு வலுவான ஆதாரம் ஒருபோதும் இருந்ததில்லை. இரண்டு, மூன்று நாள் மட்டும் நீடிக்கும் எழுச்சி உள்ளவர்களும் குடும்ப வரலாறு, நோய் தொடங்கும் வயது போன்றவற்றில் பைபோலார் நோயாளிகளைப் போலவே இருக்கிறார்கள் என்று ஆங்ஸ்ட் உள்ளிட்ட பலர் தொடர்ந்து காட்டினார்கள். 2011-இல் வெளிவந்த பிரிட்ஜ் என்ற ஆய்வு 18 நாடுகளில், மனச்சோர்வுக்குச் சிகிச்சை தேடி வந்த 5,635 பேரைப் பார்த்தது. நான்காம் பதிப்பின் விதிப்படி அவர்களில் 16 சதவீதம் பேர் பைபோலார். ஆங்ஸ்ட் குழு முன்மொழிந்த தளர்வான விதிப்படி 47 சதவீதம். அதே ஆட்கள், அதே பதில்கள், மாறியது அளவுகோல் மட்டும்.

இந்த 47-ஐப் பார்த்து ஒரு தரப்பு, இத்தனை பேரைத் தவறவிட்டுவிட்டோமே என்று பதறியது. இன்னொரு தரப்பு, இப்படியே போனால் சாதாரண மனநிலை ஏற்ற இறக்கம்கூட பைபோலார் ஆகிவிடும் என்று எச்சரித்தது. நான்காம் பதிப்புக் குழுவின் தலைவராக இருந்த ஆலன் ஃபிரான்சிஸே, இரண்டாம் வகையைச் சேர்த்த பிறகு பைபோலார் என்ற முடிவு அளவுக்கு மேல் பெருகியதையும், மருந்து நிறுவனங்களின் விளம்பரம் அதற்குத் துணைபோனதையும் பின்னாளில் வெளிப்படையாக விமர்சித்தார். என்னைக் கேட்டால் இரண்டு தரப்பின் பயமும் நியாயமானது. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு நோயாளிகளிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பில் சுமார் 69 சதவீதம் பேர் முதலில் வேறு நோய் என்று சொல்லப்பட்டவர்கள். மூன்றில் ஒருவருக்குச் சரியான பெயர் கிடைக்கப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆனது. அந்தப் பத்து ஆண்டில் போன படிப்பு, வேலை, திருமணம் எதையும் மாத்திரை மீட்டுத் தராது.

2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு இந்த இரண்டு பயங்களுக்கும் நடுவில் எழுதப்பட்டது. அதில் செய்த முக்கியமான திருத்தம், மேனியாவின் நுழைவு விதியில். அதற்கு முன்பு மனநிலை மாறினால் போதும்: அளவுக்கு மீறிய குதூகலம், அல்லது எரிச்சல். இப்போது மனநிலை மாற்றத்தோடு உடலின் ஆற்றலோ செயல்பாடோ கண்ணுக்குத் தெரியக் கூடியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து, நாளின் பெரும்பகுதி, ஏறத்தாழ தினமும் இருக்க வேண்டும்.

இது மருத்துவரின் அறையில் எப்படி இறங்குகிறது என்று பார்க்கலாம். 24 வயதுப் பெண் ஒருவர் மூன்றாம் முறையாக மனச்சோர்வோடு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "எப்போதாவது அளவுக்கு மீறி சந்தோஷமாக இருந்திருக்கிறீர்களா?" என்று கேட்டால் அவர் உதட்டைப் பிதுக்குவார். சந்தோஷம் என்ற ஒன்றே நினைவில் இல்லாத நிலையில் வந்திருக்கிறார். கேள்வியை மாற்றிக் கேட்டால் கதை வேறு: "தூக்கம் குறைந்தும் களைப்பே தெரியாமல், ஒரே நேரத்தில் நாலு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்த நாட்கள் உண்டா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, போன வருடம் பரீட்சை முடிந்ததும் ஒரு வாரம் அப்படி இருந்தது என்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு அலமாரியைப் பிரித்து அடுக்கினேன், இரண்டு புதுப் படிப்புக்கு விண்ணப்பித்தேன், தோழிகளுக்கு விடிய விடிய நீளநீளமாகச் செய்தி அனுப்பினேன். கூட வந்த அக்கா குறுக்கே சொல்கிறார்: "அப்போ இவ பேசுற வேகத்துக்கு யாராலயும் ஈடுகொடுக்க முடியல டாக்டர்." மனநிலையை விடச் செய்த காரியங்கள் நினைவில் நன்றாகத் தங்கும். மற்றவர்கள் கண்ணிலும் அவைதான் பட்டிருக்கும். அந்த வகையில் ஆற்றலை நுழைவு விதிக்குக் கொண்டுவந்தது அருமையான திருத்தம்.

சிக்கல், இரண்டும் கட்டாயம் என்றதில். ஆறு நாள் கடும் எரிச்சல், தறிகெட்டு ஓடும் எண்ணங்கள், ஓயாத பேச்சு, கவனச் சிதறல், குறைந்த தூக்கம் எல்லாம் இருந்தும், தெம்பு கூடியதாக நினைவில்லை என்று ஒருவர் சொன்னால் பழைய விதியில் அது ஹைப்போமேனியா. புதிய விதியில் இல்லை. ஸ்டெப்-பிடி என்ற பெரிய அமெரிக்க ஆய்வின் தரவுகளை 2017-இல் புதிய விதியால் அளந்து பார்த்தபோது, மேனியாவாகக் கணக்கில் வந்தவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. விட்டுப்போனவர்களுக்கு நோய் இல்லை என்று அர்த்தமில்லை. பெருக்கத்தைக் கட்டுப்படுத்துகிறோம் என்று அளவுக்கு மேல் இறுக்கிவிட்டார்கள் என்றே தோன்றுகிறது. மனநிலையோ ஆற்றலோ ஏதாவது ஒன்று நுழைவாக இருந்து, மற்ற அறிகுறிகளின் எண்ணிக்கையைக் கூட்டியிருக்கலாம்.

இதே பதிப்பு இன்னொரு இடத்தில் தளர்த்தியது. சோர்வும் எழுச்சியும் ஒரே நேரத்தில் கலந்து வரும் நிலை மிக ஆபத்தானது. சாக வேண்டும் என்ற எண்ணமும் அதைச் செய்துமுடிக்கும் வேகமும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கும். பழைய விதி, ஒரு வாரம் முழுக்க மேனியாவின் எல்லா நிபந்தனைகளும் மனச்சோர்வின் நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேற வேண்டும் என்றது. நடைமுறையில் அப்படி முழுமையாகப் பொருந்துபவர்கள் அபூர்வம். ஐந்தாம் பதிப்பு அந்தத் தனி வகையை நீக்கிவிட்டு, எந்த முனையில் இருந்தாலும் எதிர்முனையின் மூன்று அறிகுறிகள் இருந்தால் 'கலப்புக் கூறுகளோடு' என்று சேர்த்து எழுதச் சொன்னது. பைபோலார் இல்லாத மனச்சோர்விலும் இதை எழுதலாம். நல்லதுதான். ஆனால் சோர்வில் இருப்பவரின் கலப்பைக் கணக்கிடும்போது எரிச்சல், கவனச் சிதறல், உடல் பதற்றம் மூன்றையும் சேர்க்கக்கூடாது என்றார்கள். அவை இரு முனையிலும் வரும், எதையும் பிரித்துக் காட்டாது என்பது காரணம். கலப்பு நிலைகளை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த அதனாசியோஸ் குக்கோபுலோஸ் போன்றவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். இருப்புக் கொள்ளாமல் அறைக்குள் நடந்துகொண்டே, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்துகொண்டு, அழுதுகொண்டும் இருக்கும் நோயாளியை நேரில் பார்த்த எவரும், கலப்புச் சோர்வின் மையமே இந்த மூன்றுதான் என்பார்கள். தரவுத் தூய்மைக்காக நோயின் முகத்தையே பட்டியலிலிருந்து அழித்ததாக எனக்குப் படுகிறது. 2022-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் திருத்தமும் இதைச் சரிசெய்யவில்லை.

சோர்வு நீக்கி மருந்தைத் தொடங்கியபின் மேனியா வந்தால் முன்பு அதை மருந்தின் விளைவு என்று ஒதுக்கினார்கள். இப்போது, மருந்தின் நேரடி விளைவு அடங்கும் காலத்தைத் தாண்டியும் முழு அறிகுறிகள் நீடித்தால் அது மேனியாதான். இதில் பெரிய சர்ச்சை இல்லை.

குழந்தைகள் விஷயத்தில் சர்ச்சை பெரிது. 1990-களில் அமெரிக்காவில் சில ஆய்வாளர்கள், பிள்ளைகளுக்கு மேனியா தனித்தனி கட்டங்களாக வராமல் ஓயாத எரிச்சலாக வெளிப்படலாம் என்றார்கள். அதன் பிறகு மருத்துவரிடம் வந்த பிள்ளைகள், வளரிளம் பருவத்தினரில் பைபோலார் என்று எழுதப்பட்டது 1994-95-க்கும் 2002-03-க்கும் இடையே சுமார் நாற்பது மடங்கு கூடியது. நோய் எட்டே ஆண்டில் நாற்பது மடங்கு பெருகாது. கூடவே கனமான மருந்துகளும் சின்னஞ்சிறு உடம்புகளுக்குள் போயின. எலன் லைபன்லுஃப்ட் குழுவினர் இந்தப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்தபோது, வளர்ந்தபின் இவர்களுக்கு அதிகம் வந்தது மனச்சோர்வும் பதற்ற நோயும்தான், பைபோலார் அல்ல என்று தெரிந்தது. அதனால் ஐந்தாம் பதிப்பில் இவர்களுக்குத் தனிப் பெயர் கொடுத்து, மனச்சோர்வு அத்தியாயத்தில் வைத்தார்கள்: வாரத்துக்கு மூன்று முறையாவது கட்டுக்கடங்காத கோப வெடிப்பு, இடையிலும் தீராத எரிச்சல், ஒரு வருடமாக, பத்து வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். பிள்ளைகளைத் தவறான பெயரிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்ற நோக்கம் சரி. ஆனால் புதுப் பெயரைக் களச் சோதனையில் வைத்தபோது, ஒரே பிள்ளையைப் பார்த்த இரண்டு மருத்துவர்களின் முடிவுகள் மிகக் குறைவாகவே ஒத்துப்போயின. ஒத்துப்போதலை அளக்கும் கப்பா என்ற அளவில் 1 என்றால் முழு ஒற்றுமை, 0 என்றால் தற்செயல் பொருத்தம் மட்டும். இதற்குக் கிடைத்தது சுமார் 0.25. முதல் வகை பைபோலாருக்கு 0.56, இரண்டாம் வகைக்கு 0.40. எல்லாரும் அன்றாடம் எழுதும் சாதாரண மனச்சோர்வுக்கே 0.28-தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடியின் பதினோராம் பதிப்பு, ஐசிடி-11, 2019-இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பல இடங்களில் டிஎஸ்எம்மோடு கைகோத்தது. பழைய ஐசிடி-10-இல் ஒரே ஒரு மேனியா வந்தால் பைபோலார் என்று எழுத முடியாது, இன்னொரு கட்டமும் வந்திருக்க வேண்டும். இப்போது ஒன்று போதும். இரண்டாம் வகைக்கும் தனி இடம் கிடைத்தது. மேனியாவுக்கு மனநிலை, ஆற்றல் இரண்டும் வேண்டும் என்ற விதியையும் எடுத்துக்கொண்டது. ஆனால் கலப்பு நிலையைத் தனிக் கட்டமாக வைத்துக்கொண்டது. எரிச்சல் மிகுந்த பிள்ளைகளுக்குப் புது நோய்ப் பெயர் தரவில்லை. ஏற்கெனவே இருந்த நடத்தைக் கோளாறு ஒன்றின் உட்பிரிவாக வைத்தது. ஹைப்போமேனியாவுக்கு நான்கு நாள் என்று எழுதாமல் 'பல நாட்கள்' என்று மட்டும் சொன்னது. ஆய்வு நடத்துபவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கலாம். மூன்றாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில் இயற்கை எந்தக் கோடும் போடவில்லை என்பதால், இதுவே நேர்மையான எழுத்து என்பேன். டிஎஸ்எம்-5-உம் இரண்டு, மூன்று நாள் எழுச்சியை முற்றிலும் ஒதுக்கவில்லை. மேலும் ஆராய வேண்டியவை என்ற பின்பகுதியில் வைத்திருக்கிறது.

மரபணு ஆய்வுகள் இந்தக் கோடுகளுக்கு உதவுமா? 2019-இல் வந்த பெரிய பைபோலார் மரபணு ஆய்வில் முதல் வகை மனச்சிதைவோடும் இரண்டாம் வகை மனச்சோர்வோடும் அதிக நெருக்கம் காட்டின. ஐந்தாம் பதிப்பு பைபோலாரை மனச்சிதைவுக்கும் மனச்சோர்வுக்கும் நடுவில் தனி அத்தியாயமாக வைத்ததற்கு இது பொருந்துகிறது. ஐசிடி-11 பைபோலார், மனச்சோர்வு இரண்டையும் மனநிலைக் கோளாறுகள் என்ற ஒரே தலைப்பில் வைத்திருப்பதையும் இது தவறு என்று சொல்லவில்லை. ஆனால் இது கூட்டத்தைப் பற்றிய செய்தி. எதிரில் இருக்கும் ஒருவருக்கு எந்தப் பெயர் என்பதை மரபணு இன்று சொல்லாது.

பல ஆண்டுகளுக்கு முன் பழைய விதிப்படி பைபோலார் என்று எழுதப்பட்டவர்கள் இதையெல்லாம் படித்துக் குழம்புவது இயல்பு. விதி திருத்தப்பட்டதால் யாருடைய நோயும் ரத்தாகிவிடவில்லை. முக்கியமாக, லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் மேனியா வேகமாகத் திரும்பும் ஆபத்து அதிகம், அதனால் மாத்திரையில் தானாகக் கை வைக்கக்கூடாது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, எந்த வருடம் வந்த எந்தக் கட்டத்தை வைத்து இந்த முடிவுக்கு வந்தீர்கள், அப்போது தூக்கம், பேச்சு, வேலை எப்படி இருந்ததாகக் குறிப்பு இருக்கிறது என்று கேட்கலாம். அந்த நாட்களில் பக்கத்தில் இருந்த ஒருவரையும் கூட அழைத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.